‘அவராகச் செய்தார்’ என்று அரசு கைகழுவ முடியுமா?

(தானா ராத்தாவில் ஆற்றிய உரை)



தேயிலைக் காட்டில் வேலை முடித்து, இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

தோட்டத்து லாரி வேலை நேரத்தில் உங்கள் பிள்ளைமேல் மோதிவிடுகிறது. “வேகமாக ஓட்டச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை, டிரைவரைக் கேளுங்கள்” என்று நிர்வாகம் சொன்னால் விடுவீர்களா? சாவியைக் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள் அல்லவா? அரசாங்கத்திடமும் அதையே கேளுங்கள்.

2009 ஜனவரியில், கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட நம் இளைஞர் குகன், சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் ஏற்கவில்லை. இரண்டாவது பரிசோதனை, அடிபட்டதை வெளிக்கொண்டு வந்தது. குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். தாயார் அதோடு நிற்கவில்லை. மேலதிகாரிகள்மீதும் அரசாங்கத்தின்மீதும் வழக்குப் போட்டார். 2013இல் உயர்நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் பொறுப்பை உறுதி செய்தது.

உலகச் சட்டமும் இப்படித்தான் பேசுகிறது. 1880இல் மெக்சிகோவில், கலவரக் கும்பலிடமிருந்து அமெரிக்கர்களைக் காப்பாற்றப் போன சிப்பாய்கள் அவர்களையே சுட்டார்கள். “உத்தரவை மீறிச் செய்தார்கள்” என்ற வாதம் 1926இல் தீர்ப்பாயத்தில் எடுபடவில்லை. 2001இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் முடித்த விதிகளில் 7ஆவது விதியும் இதுவே: அதிகாரி தன் பதவியின் பேரில் செய்தது, அதிகாரத்தை மீறியதானாலும், அரசின் செயல்தான். வீட்டுச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்தால் அது அவர் சொந்த விவகாரம். லாக்கப்புக்குள் அடித்தால் அப்படியல்ல.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா இன்னும் சேரவில்லை. ஆகவே நமக்கு வாசல் உள்நாட்டு நீதிமன்றம்தான். அரசாங்க ஊழியர் செய்த தவறுக்கு அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட 1956ஆம் ஆண்டுச் சட்டமே வழி விடுகிறது. ஆனால் 36 மாதத்துக்குள் போட வேண்டும். அழுது முடிப்பதற்குள் காலம் ஓடிவிடும். உடனே போலீஸ் புகார் செய்யுங்கள், நகலை வாங்குங்கள், காயங்களைப் படமெடுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

“அவராகச் செய்தார்” என்று யாராவது சொன்னால், தலைகுனிந்து திரும்பாதீர்கள். “அவருக்குச் சாவியைக் கொடுத்தது யார்?” என்று கேளுங்கள்.