பூத்து முடிந்த செவ்வந்தி



பொங்கலுக்கு ஆசையாக வாங்கி வைத்த செவ்வந்தித் தொட்டி மாசி மாதம் எங்கே இருக்கும்? பல வீடுகளில் செடி குப்பை வண்டியில் போயிருக்கும், தொட்டி மட்டும் மாடி மூலையில் கிடக்கும். பூ வாடி, இலை பழுத்ததும் செடி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சாகவில்லை. செவ்வந்தி பல ஆண்டு வாழும் செடி. தண்டின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், பச்சையாகப் பக்கக் கன்றுகள் எட்டிப் பார்க்கும்.

பூ முடிந்ததும் நாலு விரல் உயரம் விட்டுத் தண்டை வெட்டிவிடுங்கள். காலை வெயில் படுகிற, உச்சி வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். கோடையில் இதனிடம் பூ கேட்கக் கூடாது, உயிரோடு இருந்தால் போதும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

ஆனி, ஆடியில் வேர்விட்ட கன்றுகளைப் பிரித்து நடலாம். செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் சம அளவு. தரையில் நட்டால் செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி.

நட்டு நான்கு வாரம் ஆனதும் நுனியைக் கிள்ள வேண்டும். துளிர்த்து வருகிற செடியின் தலையைக் கிள்ள யாருக்கும் மனசு வராது. ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். நுனி இருக்கிற வரை பக்க மொட்டுகளை அது வளர விடாது. நுனி போனதும் கீழிருந்து பல கிளைகள் கிளம்பும், ஒவ்வொரு கிளையும் பூக்கும். ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்ந்து இரண்டே பூவோடு நிற்கும் செடி, பெரும்பாலும் யாரும் கிள்ளாமல் விட்ட செடிதான். புரட்டாசி பிறந்த பிறகு கிள்ள வேண்டாம், மொட்டும் சேர்ந்து போய்விடும்.

இவ்வளவு செய்தும் சில செடிகள் இலையாகவே நிற்கும். எரு போதவில்லை என்று மேலும் மேலும் போடுவார்கள். அதற்கு முன் இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள், செடிமேல் விளக்கு வெளிச்சம் விழுகிறதா என்று. பகலின் நீளத்தைப் பொறுத்துச் சில செடிகள் பூக்கின்றன என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் 1920-ல் எழுதினார்கள். செடி உண்மையில் அளப்பது இடையில் கலையாத இருட்டை என்பது பின்னால் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இரவு நீள நீளச் செவ்வந்தி மொட்டு வைக்கிறது. நடுராத்திரியில் வெளிச்சம் விழுந்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். பூவைத் தள்ளிப்போட நினைக்கும் விவசாயிகள் வயலில் இரவு பல்பு எரிய விடுவதும் இதனால்தான். தெருவிளக்கோ வாசல் விளக்கோ படாத இடத்துக்கு உங்கள் தொட்டியை நகர்த்துங்கள்.

எந்த ரகம் வளர்ப்பது? கடையில் குட்டையாக, தொட்டி நிறையப் பூத்து நிற்பவை அழகுதான். ஆனால் அவை பசுமைக்குடிலில் செல்லமாக வளர்ந்தவை. நம் வெயிலையும் மழையையும் தாங்குவதில், மாலைக்குப் பூக்கும் ரகங்களையே நான் நம்புவேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. செவ்வந்தி போட்ட தோட்டம் பக்கத்தில் இருந்தால் நாலு கன்று கேட்டு வாங்குங்கள், வெட்டி எடுத்துக் கொடுப்பார்கள்.

மொட்டு வரும்போது நுனியில் அசுவினி அப்பும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். அடியிலை கருத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, இனி இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

ஒரே தொட்டியில் அதே கட்டையை மூன்றாம் ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டாம். நடுக்கட்டை மரத்துப்போய்ப் பூ சிறுத்துவிடும். ஓரத்துக் கன்றுகளை மட்டும் எடுத்துப் புது மண்ணில் வையுங்கள். ஒரு கட்டையிலேயே உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போதுமான கன்று கிடைக்கும்.