எடையும் எண்ணிக்கையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'மருத்துவத் துறையில் பெண்கள்'. செயலாளரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். இன்று நான் பேசப்போவது மூல் கணக்கைப் பற்றி. சிரிக்கிறீர்கள். இதே கட்டடத்தில், அந்தப் பாடத்தில் நூற்றுக்கு 28 புள்ளி எடுத்தவள் நான். திணிவைத் தந்தால் வகுப்பதா பெருக்குவதா என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது வகுப்பறையில் அல்ல. அந்த ஆண்டுக் களியாட்ட விழா முடிந்த மாலை, ஒரு பிஸ்கட் டின் நிறைய இரண்டு ரூபாய்க் குற்றிகள் சேர்ந்திருந்தன. நாங்கள் நான்கு பேர் எண்ணத் தொடங்கி, மூன்று முறை மூன்று விடை சொன்னோம். எங்கள் விஞ்ஞான டீச்சர் ஹெந்தளைச் சந்திக் கடையிலிருந்து ஒரு தராசை வாங்கிவரச் செய்தார். ஐம்பது குற்றிகளை எண்ணி நிறுத்தார். பிறகு முழுவதையும் நிறுத்தார். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். ஐந்து நிமிடத்தில் கணக்கு முடிந்தது. "எண்ண ஏலாததை நிறுத்து எண்ணுறதுதான் பிள்ளை மூல். உனக்கு வேற என்ன விளங்க வேணும்?" என்றார்.

உண்மையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஐந்து ரூபாய்க் குற்றி ஐம்பது என்றால் எடை வேறு, எண்ணிக்கை அதே ஐம்பது. அப்படித்தான் காபன் 12 கிராம், சோடியம் 23 கிராம், குளுக்கோசு 180 கிராம் எல்லாம் ஒரே எண்ணிக்கை: 6.022 × 10²³. காபனிலும் சோடியத்திலும் அத்தனை அணுக்கள், குளுக்கோசில் அத்தனை மூலக்கூறுகள். நாங்கள் இதை 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மனனம் செய்தோம். 2019 மே 20 முதல் அந்த வரைவிலக்கணம் மாறி, எண்ணையே 6.02214076 × 10²³ என்று நிலையாக வைத்துவிட்டார்கள். உங்களுக்கு மனனம் செய்ய இலக்கங்கள் கொஞ்சம் கூடிவிட்டன, அவ்வளவுதான்.

இது எங்கே உதவும் என்று கேட்பீர்கள். லண்டனில் இருக்கும் உங்கள் மாமா தொலைபேசியில், "எனக்குச் சீனி ஏழு" என்பார். இங்கே அம்மம்மாவின் அறிக்கையில் 126 என்று இருக்கும். வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். இரண்டும் ஒன்றுதான். ஒரு டெசிலீற்றரில் 126 மில்லிகிராம் என்றால் ஒரு லீற்றரில் 1.26 கிராம். அதை 180 ஆல் வகுத்தால் 0.007 மூல், அதாவது 7 மில்லிமூல். இங்கே எடையைச் சொல்கிறோம், அங்கே எண்ணிக்கையைச் சொல்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றை எல்லோரும் கண்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002 இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். பார்த்தால் சீனி மிக அதிகம், உப்பு ஒரு சிட்டிகை. இப்போது மூலாக மாற்றுங்கள். குளுக்கோசு 13.5 ÷ 180 = 0.075. உப்பு 2.6 ÷ 58.5 = 0.044. சித்திரேற்று 2.9 ÷ 294 = 0.01, ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று சோடியம், ஆகவே 0.03. சோடியம் எல்லாமாக ஏறத்தாழ 0.075 மூல். குளுக்கோசும் அதே. இரண்டும் தலைக்குத் தலை சமம்! குடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோசு கூட வந்தால்தான் அது சோடியத்தை உள்ளே விடும். அவை போகும் வழியே நீரும் போகும். அந்த வாசலுக்குக் கிராம் தெரியாது, ஆள்கணக்குத்தான் தெரியும்.

1971 இல், பங்களாதேஷ் யுத்த அகதிகள் மேற்கு வங்கத்துப் பொங்காவ் முகாம்களில் வாந்திபேதியால் மடிந்தபோது, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனோபிசும் அவருடன் இருந்தவர்களும் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று நிறுத்துப் பொதிகளாக்கி, நீரில் கரைத்து வாயால் கொடுக்க வைத்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்தவர்களில் பலர் அவர்களுடைய வீட்டுக்காரர்களே. நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த மூன்று எடைகளையும் மூலாக மாற்றிப் பாருங்கள், வீட்டு வேலை. சோடியம் 90 மில்லிமூல் வர வேண்டும்.

நான் உள்ளகப் பயிற்சி செய்த காலத்தில், ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையை வயிற்றோட்டத்துடன் கொண்டுவந்தார். வெளிநோயாளர் பிரிவில் கூட்டம். நான் பைக்கற்றைக் கையில் கொடுத்து, "தண்ணியில கரைச்சுக் குடுங்கம்மா" என்றேன். எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. மறுநாள் குழந்தை வலிப்புடன் வந்தது. அந்தத் தாய் பைக்கற் முழுவதையும் இருநூறு மில்லிலீற்றர் பால் போத்தலில் கரைத்திருந்தார். "கட்டியாக் குடுத்தாக் கெதியாச் சுகம் வரும் எண்டு நினைச்சன் டொக்டர்" என்றார். லீற்றருக்கு 75 மில்லிமூல் இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகியிருந்தது. சாதாரணக் குருதியில் அது 135 முதல் 145 வரைதான். கரைசல் குருதியைவிடச் செறிவானதால், உள்ளே போக வேண்டிய நீர் பிரசாரணத்தால் குடலுக்குள் வந்தது. வயிற்றோட்டம் கூடியது, குருதியில் சோடியம் ஏறியது.

அதை அவசரமாக இறக்கவும் கூடாது, மூளை வீங்கும். இரண்டு நாட்கள் மணிக்கு மணி கணக்குப் பார்த்து மெதுவாக இறக்கினோம். அந்த இரண்டு இரவுகளும் நான் விடுதிக்குப் போகவில்லை. குழந்தை பிழைத்தது.

தாயை ஒருவரும் ஏசவில்லை. ஏச வேண்டியது என்னைத்தான். எனது மேற்பார்வை வைத்தியர் ஏசவும் செய்தார். துண்டு வெட்டும் நாளில் அந்தத் தாயிடம் ஒரு லீற்றர் சோடாப் போத்தலைக் கழுவிக் கையில் கொடுத்து, என் முன்னாலேயே ஒரு பைக்கற்றைக் கரைக்கச் சொன்னேன். அவர் கழுத்துவரை நீரை நிரப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு தண்ணியா டொக்டர்?" என்று கேட்டார்.