நம்மையும் சேர்த்து எண்ணுவோம்



ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. வந்தவாசி கோரைப் பாய் ஊரெல்லாம் போகுது. ஆனா நம்ம தெள்ளாரில், சாப்பிடுற இடத்துல பிளாஸ்டிக் விரிப்புதான். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

போன பொங்கலுக்கு மாத்தினேன். கோரைப் பாய் விரிச்சு, அதன்மேல் ஆளுக்கொரு பருத்தி விரிப்பு, 18 அங்குலத்துக்கு 12 அங்குலம். துணியை நனைச்சுக் காயவெச்ச பிறகே வெட்டணும்; இல்லேன்னா தைச்சதும் சுருங்கிடும். ஜாக்கெட் தைச்சு மிஞ்சின பட்டு பார்டரை ஜன்னல் திரைக்கு வெச்சேன். விரிப்பில் வெச்சா சாம்பார் கொட்டி வீணாகும். பருத்தியில் மஞ்சள் கறை சோப்பு பட்டா சிவக்கும், பயப்படாதீங்க. நல்லா அலசி வெயில்ல போட்டா மங்கிடும்.

பக்கத்து வீட்டு அக்கா ஆறு விரிப்பு கேட்டாங்க. துணி, நூல் காசு மட்டும் வாங்கினேன். ரெண்டு நாள் தைச்ச கூலி? குழுக்கடன் வட்டியைப் பைசா சுத்தமா எழுதுற எனக்கு அது தோணவே இல்ல. அடுத்த ஆர்டருக்குக் கூலியையும் எழுதிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாம கொடுத்தாங்க.

இன்னொன்னும் சொல்லணும். வீட்டுக்கு முதல்ல நாலு விரிப்புதான் தைச்சேன். மகள் கேட்டா: “உன்னுது எங்கம்மா?” எல்லாருக்கும் போட்டுட்டு அடுப்படியில நின்னு சாப்பிட்டே பழகிட்டேன். இப்போ அஞ்சு விரிப்பு இருக்கு. நானும் அவங்களோட உட்கார்ந்து சாப்பிடறேன்.

விலை போடும்போதும், விரிப்பு போடும்போதும் உங்களையும் சேர்த்து எண்ணுங்க.