மறைத்தால் வளரும், சொன்னால் குறையும்



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சர்க்கரை நோய் என்றாலும் சொல்வார்கள். குடிநோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

சம்பள நாளில் பணம் வீடு வந்து சேராது. நகை அடகுக் கடைக்குப் போகும். ஆனாலும் மனைவி, "அவருக்கு உடம்பு சரியில்லை" என்றே சொல்வாள். ஏன்? ஊர் ஏசும். மகளுக்கு வரன் வராது. வேலை போய்விடும். இந்தப் பயத்தில் ஆண்டுகள் ஓடிவிடும். நோயும் முற்றிவிடும்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். மனம் வைத்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பும் வரலாம். ஆகவே மருத்துவர் உதவி தேவை. மருத்துவம் உடலைத் தேற்றும். மனதில் உள்ள வெட்கத்தைப் போக்க எது உதவும்? மீண்டு வந்தவரின் கதை உதவும்.

இதைக் காட்டிய ஒரு சந்திப்பு 1935ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்தார். பாப் என்ற மருத்துவரைச் சந்தித்தார். பாப்பும் குடிக்கு அடிமை. கால் மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்தவர் அவர். பில் உபதேசம் செய்யவில்லை. தாம் பட்ட பாட்டைச் சொன்னார். பாப் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். பட்டவர் சொன்ன சொல் அவர் மனதைத் தொட்டது. சில வாரங்களில் அவரும் குடியை விட்டார். இருவரும் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. இன்று இந்தியாவிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை.

இது தூர தேசத்துச் செய்தி. பக்கத்தில் புனே எரவாடாவிலும் ஒரு நல்ல இடம் உண்டு. அதன் பெயர் முக்தாங்கண். திறந்த முற்றம் என்று பொருள். எழுத்தாளர் அனில் அவசட், பிரவுன் சுகர் என்ற போதைத்தூளால் சீரழிந்த இளைஞர்களைப் பற்றி எழுதினார். அதைப் படித்து எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே உதவ முன்வந்தார். அனிலின் மனைவி டாக்டர் அனிதா அவசட் 1986இல் இந்த மையத்தைத் தொடங்கினார். இங்கே குணமான பலர் இங்கேயே ஆலோசகர்களாக வேலை செய்கிறார்கள். புதிதாக வருபவர் அவர்களைப் பார்க்கிறார். "இவரால் முடிந்தது, என்னாலும் முடியும்" என்ற துணிவு பிறக்கிறது.

குடும்பத்தாரும் பேசலாம். சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதனின் கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். சாந்தி அதை மூடி மறைக்கவில்லை. 1980இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. கேட்டதைத் தெருவில் பரப்பாதீர்கள். "குடிகாரன்" என்று பெயர் வைக்காதீர்கள். பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மீண்டவர் சிலர் மறுபடி சறுக்குவார்கள். அப்போது சிரிக்காதீர்கள். திரும்பவும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போதையிலிருந்து மீள 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!

நோய் வந்தது குற்றம் அல்ல. மீண்டு வந்தவர் தலை நிமிர்ந்து பேசட்டும். அதைக் கேட்டு இன்னொரு வீட்டின் கதவு திறக்கட்டும்.

கலந்து பேசுங்கள்:
1. குடிநோயை வீட்டார் ஏன் மறைக்கிறார்கள்?
2. மீண்டு வந்தவரை உங்கள் தெருவில் எப்படி நடத்துகிறார்கள்?