எலியின் தைராய்டும் நம் குழந்தையின் நுரையீரலும்

ஆட்டுச் சந்தைக்கும் வடுகநாதர் கோயிலுக்கும் பேர்போன குண்டடத்தில், ஆய்வுக்கூடத்தில் வளரும் செல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டுப் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது, எழட்டும்.

சில குழந்தைகளை முத்தமிட்டால் உதடு உப்புக் கரிக்கும். ஓயாத சளி, எவ்வளவு ஊட்டினாலும் ஏறாத எடை, எண்ணெய்ப் பிசுக்கோடு மலம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இது. குளோரைடைச் செல்லின் சவ்வு வழியே கடத்தும் சி.எஃப்.டி.ஆர். புரதம் இதில் பழுதாகிவிடுகிறது. சாயப்பட்டறைக் கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் ஏற்றும் திருப்பூர்க்காரர்களுக்குச் சவ்வு பழுதானால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதன் மரபணுவை 1989-இல் லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். 1480 அமினோ அமிலங்களில் 508-ஆவது ஒன்று விடுபட்டாலே புரதம் கெடும். மறு ஆண்டே, இந்நோயோடு கணையப் புற்றும் கண்ட ஓர் இளைஞரின் கட்டியிலிருந்து வளர்த்த சி.எஃப்.பேக்-1 என்ற செல் லைனுக்குள், அதாவது ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகும் செல் வரிசைக்குள், பழுதில்லாத மரபணுவைச் செலுத்தினார்கள். குளோரைடு ஓடியது.

மருந்து தேடியவர்களுக்குக் கைகொடுத்தது மனித நுரையீரல் மட்டும் அல்ல. ஃபிஷர் இன எலியின் தைராய்டு செல்லும்தான். காரணம் எளிது. அந்தச் செல் இடைவெளியின்றி விரிப்பாக வளரும்; அதற்கென்று சொந்தமாக சி.எஃப்.டி.ஆர். செயல்பாடு கிடையாது. ஆகவே நாம் நுழைத்த புரதம் என்ன செய்கிறதோ அது மட்டுமே அளவில் தெரியும். கூடவே மஞ்சளாய் ஒளிரும் ஒரு புரதத்தையும் வைத்தால், அயோடைடு புகும்போது ஒளி மங்கும். அது மங்கும் வேகமே கணக்கு. வெர்டெக்ஸ் நிறுவனம் செல்களில் 2 லட்சத்து 28 ஆயிரம் சேர்மங்களைச் சலித்த தேடலின் முடிவில் வந்த ஐவாகாஃப்டர் என்ற மருந்து, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2017-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எலித் தைராய்டு செல் அளவீட்டை முதன்மைச் சான்றாக ஏற்று, 10 மரபுப் பிழைகளுக்கு இருந்த அனுமதியை 33 ஆக்கியது. அரிய பிழைகளுக்குச் சோதனை நடத்த நோயாளிகள் எங்கே கிடைப்பார்கள்? துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

ஆனால் செல் லைன் எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லாது. மடிப்புக் குலைந்த புரதத்தைச் சீராக்கும் சேர்மங்களில் சில, ஒரு வகைச் செல்லில் வேலை செய்து, மனித மூச்சுக்குழல் செல்லில் பொய்த்துப்போயின. அதனால்தான் நோயாளியின் சொந்தச் செல்லிலும் பார்க்கிறார்கள்.

நம் குறை இங்கேதான். அமெரிக்க நோயாளிகளில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் அந்த 508 பிழையின் ஒரு பிரதியாவது உண்டு; இந்தியக் குழந்தைகளிடம் அது வெகு குறைவு, வேறு பிழைகளே அதிகம். சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் ஒரே அரிய பிழை இரு பக்கமிருந்தும் சேர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட குழந்தையின் மூக்கை மெல்லத் துடைத்து எடுக்கும் செல், அந்தப் பிழையைத் தனியாகக் காட்டும். அத்தகைய செல் உலக ஆய்வுக்கே அரிது. இந்நோய்க்கென 2019-இல் வந்த மூன்று மருந்துக் கூட்டின் அமெரிக்க விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அது யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் விலைக்குறைப்புக்கு வாதாடுவதும் பாதி வேலைதான்.

இதற்கெல்லாம் முன் நோயைக் கண்டறியவேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2002-லேயே உள்நாட்டு முறையில் வியர்வை சேகரித்துச் சோதிக்கும் வழியை வெளியிட்டார்கள். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் இந்நோய் என்றே ஐயுறவேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்த வியர்வைச் சோதனையைச் செய்கிறார்கள். தாராபுரம், காங்கேயம் பக்கத்து மருத்துவர்களை வேண்டிக்கொள்கிறேன்: சளி விடாத, எடை ஏறாத குழந்தைக்குக் காசநோய் மருந்தை இரண்டாம் முறை எழுதும் முன், ஒரு வியர்வைச் சோதனைக்கு அனுப்புங்கள்.