ஏழாம் வாய்ப்பாடும் வாரக்கூலியும்

 

வெள்ளிவிழாக் காணும் இக்கல்விச் சங்கத்தின் மேடையில் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேச வந்துள்ளோம். விழா மேடைக்கு இது சிறு பொருளென்று சிலர் எண்ணலாம். திருத்தங்கலில் நம் தெருக்களில் இது சிறு பொருளன்று.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியே முதற்பாடம். சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல, மற்றப் பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். முழு எண்களோடு நில்லாது கால், அரைக்கால், வீசம், முந்திரி எனப் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு இருந்தது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு! நெல்லளக்கவும் நிலமளக்கவும் வட்டி பார்க்கவும் அக்கணக்கு வேண்டியிருந்தது. களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்தவர் நம் முன்னோர். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே அளந்தவர் சொன்னதே கணக்காயிற்று. சென்னையில் 1894இல் ஆல்காட் நம்மவர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியது போன்ற முயற்சிகள் பின்னரே வந்தன.

1957இல் நயாபைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பதினாறாம் வாய்ப்பாடு அறியாதவன் கடையில் மீதிச் சில்லறை சரியாக வாங்கமாட்டான். அணா போயிற்று, ஆனால் நம் வட்டாரத்தை விட்டுக் குரோஸ் போகவில்லை. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. தீப்பெட்டி ஒட்டியவர்களுக்குக் குரோஸ் கணக்கிலேதான் கூலி. சரம் பின்னுவோருக்கும் குழாய் உருட்டுவோருக்கும் எண்ணிக்கையே கூலி.

நம்மிடம் ஒரு தாய் கூலிச் சீட்டொன்றைக் கொண்டுவந்தார். குரோசுக்கு 7 ரூபாய் வீதம் 18 குரோசுக்கு 116 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. பத்தேழு எழுபது, எண்ணேழு ஐம்பத்தாறு; ஆக 126. யார் எழுதியதென்பது இங்கு வேண்டா. பத்து ரூபாய் என்பது அவ்வீட்டில் ஒருவேளைக் காய்கறி.

இனிப் பிள்ளைகளைப் பார்ப்போம். 'ஏழாம் வாய்ப்பாடு சொல்' என்றால் ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று என்று தாளம் தவறாது சொல்கிறார்கள். 'எண்ணேழு எவ்வளவு?' என்று நேரே கேட்டால் மீண்டும் ஓரேழிலிருந்து விரல் விடுகிறார்கள். அது பாட்டே தவிரக் கணக்காகாது. ஏழேழாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஏழின் மடங்கு என்பதை முதலில் கண்ணால் காணவேண்டும். புளியங்கொட்டையை ஏழேழாக வரிசை வைக்கட்டும். எட்டு வரிசையை வலப்பக்கமிருந்து பார்த்தால் அதுவே ஏழு வரிசை எட்டு. ஏழெட்டும் எண்ணேழும் ஒன்றே எனப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

இதனால் சுமை எவ்வளவு குறைகிறதென்று பாருங்கள். பத்து வாய்ப்பாட்டில் 100 வரிகள். திருப்பிச் சொல்வதை ஒன்றாகக் கொண்டால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை எளியவை. ஒன்பதில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதே வரும். பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தாலும் விடை கிடைக்கும். இவையெல்லாம் போக எஞ்சுவன பதினைந்தே வரிகள்! ஆறேழு, எண்ணாறு, எண்ணேழு போன்ற இவற்றில்தான் பிள்ளைகள் இடறுகிறார்கள். நாளுக்கொன்றாகப் பதினைந்து நாள் போதும். பின்னர் இடையிடையே கேட்கவேண்டும், தலைகீழாகவும் கேட்கவேண்டும். 42 எவற்றின் மடங்கு என்று கேட்டால் பிள்ளை சற்று விழிக்கும். விழிக்கட்டும், பிரம்பு வேண்டா. பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்ட பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலம் ஒன்றிருந்தது. அங்கே பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாதென 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது; அச்சட்டம் காக்க வேண்டிய பிள்ளையை நாம் வகுப்பறையிலிருந்து விரட்டலாமா?

கைப்பேசியிலேயே கணக்குப் போடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் கூலி வாங்கும் வரிசையில் நிற்கும் தாய்க்குக் கைப்பேசியை எடுத்துத் தட்ட நேரம் கொடுப்பார் யார்?

வரும் திங்கள்முதல் சங்கத்தின் மாலை வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குகிறோம். தாய்மார்களும் வரலாம், பின்வரிசையில் இடம் உண்டு. கூலி நாளன்று சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தொகை வேறுபட்டால் அச்சீட்டை அப்படியே நம்மிடம் கொண்டுவாருங்கள்.