லொறி டீசல் கூடக் குடித்தால் முதலில் லொறியைப் பாருங்கள்

(மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நம்முடைய கொழுந்து லொறியைப் பற்றிக் கொஞ்சம் பேசப்போகிறேன். லொறிக்கும் நலன்புரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மலையில் நிறுத்த கொழுந்து சூடேறிப் பழுதாகுமுன் பக்டரிக்குப் போய்ச் சேரவேண்டும். ராத்திரியில் வலி கண்டால் சில நேரம் அதே லொறிதான் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிறது. 2022இல் டீசலுக்கு வரிசையில் காத்துக்கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம்.

சேர்விஸ் முடிந்து வந்ததிலிருந்து லொறி டீசல் கூடக் குடிக்கிறது. முன்பு லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடியது, இப்போது நாலரைதான். ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர் என்றால், 15 லீற்றர் போன இடத்தில் 20 லீற்றர் போகிறது. உடனே லயத்தில் பேச்சு: "டிரைவர் டீசலை வித்துட்டாரு!" கண்ணால் கண்டது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

இந்தப் பேச்சு ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பேச்சுக்குப் பயந்த டிரைவர், டீசலை மிச்சம் பிடிக்க நினைத்து இறக்கத்தில் நியூட்றலில் விடக்கூடும். அதில் மிச்சமே இல்லை. கியரில் இறங்கும்போது அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்றலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். பாரம் முழுக்க பிரேக்கில் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமலும் போகலாம். நம் மலைப் பாதைகளில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி டாங்கியை வாய்மட்டும் நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் வழமையான ஓட்டம் ஓடியபின், அதே இடத்தில் மறுபடி வாய்மட்டும் நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் பிரித்தால் கணக்கு வரும். இரண்டு மூன்று தரம் செய்யவேண்டும். டிரைவரும் தலைவரும் ஸ்டோர்காரரும் சேர்ந்து நின்று பார்த்து, ரன்னிங் சார்ட்டில் எழுதினால் யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

மீற்றரையும் சோதியுங்கள். சேர்விஸில் பெரிய டயர் போட்டிருந்தால் ஓடிய தூரத்தை மீற்றர் குறைத்துக் காட்டும். டீசல் கூடப் போகாமலே கூடப் போனதுபோல் தெரியும். வீதியோரக் கிலோமீற்றர் கல்லோடு ஒப்பிட்டால் விளங்கிவிடும்.

அடுத்து, சேர்விஸில் எதில் எதில் கை வைத்தார்கள் என்று பில்லைப் பாருங்கள். பிரேக்கை இறுக்கியிருந்தால் ஷூ ட்ரம்மோடு உரசிக்கொண்டே ஓடும். ஓடிவந்து நின்றதும் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் கள்ளன். வீல் பேரிங்கை அதிகம் இறுக்கினாலும் இப்படித்தான்.

கறுப்புப் புகை தள்ளினால் எயார் கிளீனர் அடைத்திருக்கிறதா, அதன் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் பம்பையும் இன்ஜெக்டரையும் கராஜில் பார்க்கச் சொல்லவேண்டும். டீசல் பில்டர் மாற்றிய இடத்தில் வாஷர் சரியாக உட்காராவிட்டால் கசியும். ராத்திரி லொறிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தால் காலையில் தெரியும். டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும் டீசல் கூடும். ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் எஞ்சினுக்குப் பாரம்தான். தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்திருந்தால், நம் குளிரில் எஞ்சின் சூடேற நேரமெடுத்து டீசலைத் தின்னும்.

சேர்விஸ் செய்த கராஜுக்கு இந்தக் கணக்கோடு போங்கள். வெறும் வாயால் சொன்னால் "ஓடினா சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். எழுதிய கணக்கைக் காட்டினால் திருப்பிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் திருத்தி மறுபடி அளந்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

இத்தனையும் பார்த்தபிறகும் கணக்கு உதைத்தால், அப்போது மனுசரைக் கேட்கலாம். அதுவரைக்கும் லயத்தில் யாராவது டிரைவரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அளந்து பாத்தாச்சா?" என்று கேளுங்கள்.